மறுபதிப்புக்குக் காத்திருப்பதா, முதற்பதிப்பைத் தேடுவதா?

ராத்தா மகன், அதாவது என் அக்காள் மகன், துபாயிலிருந்து பேசினான். ஜாஸ் இசைத்தட்டுக்கென்றே ஐம்பதாயிரம் ரூபாய் தனியாக எடுத்து வைத்திருக்கிறானாம். “மாமா, புளூ நோட் முதற்பதிப்பு ஒன்று வாங்கிவிடட்டுமா, இல்லை மறுபதிப்பு வரும்வரை பொறுத்திருக்கட்டுமா? நீங்கள் சொல்கிறபடி செய்கிறேன்” என்றான். புளூ நோட் என்பது அமெரிக்காவின் பழைய ஜாஸ் இசைத்தட்டு நிறுவனம். நான் சொன்னபடி அவன் எதையும் செய்ததாக எனக்கு நினைவில்லை. ஆனாலும் கேள்வி நியாயமானது. முப்பது வருடமாக இதே கேள்வியை எனக்கு நானே கேட்டு, பாதிக்கு மேல் தப்பான விடை சொல்லிக் கையைச் சுட்டுக்கொண்டவன் என்ற தகுதியில் அவனுக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன். அது நீண்டுவிட்டது. இந்தக் கரையில் இதே கிறுக்குப் பிடித்த இன்னும் ஓரிருவர் இருக்கக்கூடும் என்பதால் குடும்ப விவகாரங்களை நீக்கிவிட்டு இங்கே தருகிறேன்.

கீழக்கரையில் ஜாஸா என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. எங்கள் வீட்டுக்கு அது இரண்டு வழியாக வந்தது. ஒன்று, வாப்பாவின் வால்வு ரேடியோ. வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா வானொலியில் 1955 ஜனவரி முதல் வில்லிஸ் கொனோவர் ஜாஸ் நிகழ்ச்சி நடத்தினார். ஆங்கிலம் அரைகுறையாகத் தெரிந்தவர்களுக்கும் புரியட்டும் என்று ஒவ்வொரு சொல்லாக நிறுத்திப் பேசுவார். அந்த ஒலிபரப்பை வாங்கி மறுபடி பரப்பும் நிலையம் ஒன்று இலங்கையில் இருந்தது. கடலைத் தாண்டினால் எங்கள் வீடு. இரண்டாவது வழி, சங்கு. மன்னார் வளைகுடாவில் குளித்தெடுக்கும் சங்கு, வளையல் அறுப்பதற்காக வங்காளத்துக்குப் போகும். வாப்பாவின் வாப்பா அந்த வியாபாரத்தில் கல்கத்தா போய்வந்தவர். யுத்த காலத்தில் ஒருமுறை திரும்பும்போது தகரப்பெட்டி ஒன்றில் இருபத்திரண்டு 78 சுழற்சித் தட்டுகளை, அதாவது நிமிடத்துக்கு 78 முறை சுற்றும் பழைய தட்டுகளை, கொண்டுவந்தார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது, கிராமபோனும் இல்லை. கிராமபோன் வாங்கியது பிறகுதான். இந்தப் பெட்டியைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். என் தீர்ப்பே அதைச் சுற்றித்தான் இருக்கிறது.

விலையைப் பார்ப்பதற்கு முன் நான் பார்ப்பது ஒன்று உண்டு. அந்தப் பதிவின் மூல ஒலிநாடா இன்று யார் கையில் இருக்கிறது? அது பத்திரமாக இருந்து, அதை வைத்திருப்பவர்களில் ஒருவருக்காவது அந்த இசை மேல் பிரியம் இருந்தால் பொறுத்திருக்கலாம். நாடாவே இல்லாமல் தட்டு மட்டும்தான் மிச்சம் என்றால் பொறுத்திருந்து பயனில்லை.

மருமகனின் கனவுத் தட்டு, சாக்ஸபோன் கலைஞர் ஹாங்க் மோப்லி 1957இல் பதிவு செய்த, 1568 என்ற எண்ணுள்ள புளூ நோட் தட்டு. சேகரிப்பவர்களிடையே அதைத் தெரியாதவர் இல்லை. அந்தக் காலத்தில் மிகக் குறைவாக அச்சிட்டார்கள், விற்றதும் குறைவு. நல்ல நிலையில் உள்ள பிரதி இன்று பல ஆயிரம் டாலருக்குப் போகிறது. அதைக் கையில் எடுத்தவர்கள் முதலில் பாட்டைக் கேட்க மாட்டார்கள், விளக்கடிக்குத்தான் கொண்டுபோவார்கள். இசை பதிந்த வரிகள் முடிந்து நடுவில் லேபிள் தொடங்குவதற்கு முன் விரலகலத்துக்கு வெறும் கருப்பு இருக்கும். தட்டைச் சாய்த்துப் பிடித்தால் அங்கே ஆர்.வி.ஜி. என்று மூன்றெழுத்து தெரியும். ஒலிப்பதிவாளர் ரூடி வான் கெல்டர் தானே நாடாவிலிருந்து வரி வெட்டிய தட்டு என்பதற்கு அடையாளம். பக்கத்திலேயே மனிதக் காதைப் போல ஒரு சுழி. பிளாஸ்டிலைட் என்ற அச்சாலையின் முத்திரை அது. 1966இல் புளூ நோட் கைமாறியதும் அந்தச் சுழியும் மறைந்துவிட்டது. இந்தத் தட்டிலோ லேபிள் முகவரியில் நியூயார்க்குக்கு அடுத்து ‘23’ என்ற அஞ்சல் எண் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்பது வரைக்கும் சண்டை நடக்கும். அந்த 23க்குக் கொடுக்கும் பணத்தில் எங்கள் ஊரில் ஒரு நாட்டுப்படகுக்கு இயந்திரம் பூட்டிவிடலாம்.

முதற்பதிப்பின் ஒலியில் ஒன்றுமில்லை என்று சொல்ல வரவில்லை. நாடா புதிதாக இருந்தபோது, பதிவு செய்தவரே வெட்டிய தட்டு. ட்ரம்பெட் அறைக்குள் நிற்பதைப் போல் இருக்கும். சென்னையில் ஒருவர் வீட்டில் ஒரே ஒரு பக்கம் கேட்டிருக்கிறேன். அன்று இரவு தூக்கம் வரவில்லை. ஆனால் அது கீறல் படாத பிரதி. ஐம்பதாயிரத்துக்குக் கிடைப்பது, யாரோ விருந்துகளில் ஐந்து ரூபாய் ஊசியால் உழுது தள்ளிய பிரதியாகத்தான் இருக்கும். விற்பவர்களின் தரக்குறி மொழியையும் கற்றுக்கொள்ள வேண்டும். ‘வெரி குட்’ என்றால் சுமார். பாட்டு முழுக்கச் சரசரப்புக் கேட்கும். ‘குட்’ என்றால் சுவரில் மாட்டத்தான் ஆகும்.

வலம்புரிச் சங்குக்கும் இடம்புரிச் சங்குக்கும் விலையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். ஊதினால் எழும் ஓசையில் அப்படி ஒன்றும் வித்தியாசமில்லை. வலம்புரிக்குக் கொடுக்கும் விலை அது திரும்பியிருக்கும் பக்கத்துக்கும் லட்சத்தில் ஒன்று என்ற பெயருக்கும்தான். வலம்புரி வாங்குகிறவர் ஊதுவதற்காக வாங்குவதில்லை என்று அவருக்கே தெரியும். மருமகன் ஊதவும் வேண்டும் என்கிறான். அங்கேதான் கணக்கு இடிக்கிறது.

வெளியூர்க்காரர்கள் எழுதும் ஒப்பீடுகளில் வராத ஒரு செலவும் இருக்கிறது: எங்கள் காற்று. முதற்பதிப்பின் விலையில் பெரும் பங்கு அதன் அட்டை உறைக்கு. இங்கே வாடைக் காற்றில் பத்து நாள் சுவரோரமாகச் சாய்த்து வைத்தால் அட்டையில் பூசணம் பூத்து, உள்ளே இருக்கும் தட்டின் வட்டம் வெளியே தெரியத் தொடங்கிவிடும். பசை மணம் பிடித்து ராமபாணப்பூச்சி வரும். டர்ன்டேபிளின் எடைக்கல்கூட உப்பில் செம்பூப் பூக்கிறது. துபாயில் குளிரூட்டிய அறையில் அவன் வாங்கி வைத்தாலும், பெருநாளுக்குப் பெருநாள் பெட்டி பெட்டியாக ஊருக்குத்தானே வந்து சேர்கிறது. போதாக்குறைக்குச் சுங்க வரி வேறு. தட்டின் விலைக்கு மட்டுமென்று நினைத்துவிடக் கூடாது, அஞ்சல் செலவையும் சேர்த்த தொகைக்குக் கணக்குப் போடுவார்கள்.

பழைய ஜப்பானிய மறுபதிப்புகள் இந்த ஊருக்கு நல்ல நடுவழி. 1970களின் இறுதியிலிருந்து கிங் ரெக்கார்ட்ஸும், பிறகு தோஷிபாவும் புளூ நோட் தட்டுகளை ஒழுங்காக அச்சிட்டார்கள். மோப்லியும் அங்கே மறுபதிப்பாக வந்திருக்கிறார். தட்டு செய்யும் பிளாஸ்டிக்கான வினைல் அமைதியானது, ஊசி வைத்ததும் கேட்கும் அந்தப் பொரியல் சத்தம் இருக்காது. உறையைச் சுற்றி ஒரு காகிதப் பட்டை வரும், அது கிழியாமல் இருந்தால் விலை கூடும். குறை என்னவென்றால் ஜப்பானுக்குப் பெரும்பாலும் நாடாவின் நகல்தான் போயிற்று. அதனால் சில தட்டுகளில் ஒலி கொஞ்சம் மெலிந்து, துவைத்து இஸ்திரி போட்ட சட்டை மாதிரி இருக்கும். எனக்கு அது பெரிய குறையாகப் படவில்லை. எச்சரிக்கையாக இருக்க வேண்டியது, 1966க்குப் பிறகு அமெரிக்காவில் வந்த சில பதிப்புகளிடம்தான். ஒரே தடத்தில் எடுத்த மோனோ பதிவை மின்னணுக் கருவியில் விட்டு இரு தட ஸ்டீரியோ ஆக்கியிருப்பார்கள். கிணற்றுக்குள்ளிருந்து பாடுவதைப் போல் கேட்கும். உறையில் ‘ஸ்டீரியோ’ என்று பெரிதாகப் போட்டிருப்பதைப் பார்த்து மகிழ்ந்து வாங்கிய மடையன் நான்.

இனிக் காத்திருப்பு. மருமகனின் கேள்வியில் கனமான பாதி இதுதான்.

இங்கே ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், 61 நாள். விசைப்படகுக்காரர் வலையைச் செப்பனிடுவார், படகுக்கு வண்ணம் அடிப்பார், கடன் வாங்குவார். ஜூன் 15 வரும் என்று அவருக்குத் தெரியும். மறுபதிப்புக்குக் காத்திருப்பவனுக்கு அந்தத் தேதி கிடையாது. டீனா புரூக்ஸ் கதையை எடுத்துக்கொள்வோம். பெயரைப் பார்த்துப் பெண் என்று நினைக்க வேண்டாம். டெனர் சாக்ஸபோன் வாசித்த ஆண். 1958 முதல் 1961 வரை தன் பெயரில் நான்கு தட்டுகளுக்குப் பதிவு செய்தார். உயிரோடு இருந்தபோது வெளியானது 1960இல் வந்த ஒன்றே ஒன்று. இன்னொன்றுக்கு 4052 என்று எண் கொடுத்து, அட்டைப்படமும் தயார் செய்து, மற்றத் தட்டுகளின் உள்ளுறையில் விளம்பரமும் போட்டுவிட்டு, தட்டை மட்டும் வெளியிடாமல் விட்டுவிட்டார்கள். உள்ளுறையில் படத்தைப் பார்த்தவர்கள் அச்சாகாத தட்டை வருடக்கணக்கில் கடைகளில் தேடினார்கள். புரூக்ஸ் 1974இல் தம் 42ஆம் வயதில் இறந்தார். நான்கும் சேர்ந்து பெட்டித் தொகுப்பாக வந்தது 1985இல்.

அதைக் கொண்டுவந்தது மொசைக் ரெக்கார்ட்ஸ். மைக்கேல் கஸ்குனா, சார்லி லூரி என்ற இருவர் தொடங்கிய நிறுவனம். முதல் வெளியீடுகள் 1983இல். அதற்கு முன்பே, 1975 முதல், கஸ்குனா புளூ நோட்டின் நாடா அறைக்குள் போய் உட்கார்ந்துவிட்டார். பெட்டிகளின் மேல் குறிப்பு சரியாக இருக்காது. யார் வாசிக்கிறார்கள் என்று காதால் கேட்டும், வாசித்தவர்களையே தேடிப்போய் விசாரித்தும் எழுதிவைத்தார். வெளிவராமல் கிடந்த எத்தனையோ பதிவுகள் அப்படி வெளியே வந்தன. அவர் 2024இல் காலமானார். நாடாவை வைத்திருப்பவர்களில் ஒருவருக்காவது பிரியம் வேண்டும் என்று மேலே சொன்னேனே, அந்த ஒருவர் இவரைப் போன்றவர்தான். நிறுவனம் எவ்வளவு பெரியதாக இருந்தாலும் அறைக்குள் போய் உட்கார ஓர் ஆள் வேண்டும். ஆள் இல்லாத நிறுவனத்தின் நாடாவுக்காகக் காத்திருக்காதே என்று மருமகனுக்கு எழுதினேன்.

புளூ நோட்டுக்கு இன்றும் அப்படி ஆள் இருக்கிறது. 2019இல் தொடங்கிய டோன் போயட் என்ற மறுபதிப்பு வரிசையை ஜோ ஹார்லி கவனிக்கிறார். மூல நாடாவிலிருந்தே கெவின் கிரே வெட்டுகிறார். நான் கடைசியாக வாங்கியது நாலாயிரத்துச் சொச்சம் ரூபாய். கெட்டி அட்டை, கனமான வினைல், உள்ளே ஒலிப்பதிவுக் கூடத்தில் பிரான்சிஸ் வுல்ஃப் எடுத்த படங்கள். சென்னை வீட்டில் கேட்ட அந்த முதற்பதிப்பை நினைவில் வைத்துக்கொண்டு சொல்கிறேன்: பத்தில் எட்டுப் பங்கு இதில் இருக்கிறது, பாஸ் வாத்தியம் அதைவிடத் தெளிவு. ஆகவே பெயர்பெற்ற புளூ நோட் எதற்கும் காத்திருப்பது கெட்ட முடிவாகாது. ஒரே நிபந்தனை, வந்ததும் வாங்கிவிட வேண்டும். மறுபதிப்பும் தீர்ந்துபோகும். மொசைக் பெட்டிகள் எண்ணிட்டு, குறிப்பிட்ட அளவுக்கு மட்டும் உரிமம் வாங்கி அச்சிட்டவை. தீர்ந்த பிறகு அவற்றுக்கும் முதற்பதிப்பு மாதிரி விலை ஏறிவிட்டது. அரிய தட்டின் மறுபதிப்பே அரிய தட்டாகிவிட, அதற்கு ஒரு மறுபதிப்பு வராதா என்று காத்திருக்கும் கூட்டத்தில் நானும் ஒருவன்.

நாடா அழிந்துவிட்டால் இந்தக் கணக்கெல்லாம் தலைகீழ். 2008 ஜூன் 1 அன்று லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் யுனிவர்சல் நிறுவனத்தின் வளாகத்தில் தீப்பிடித்தது. அங்கே இம்பல்ஸ் போன்ற ஜாஸ் இசைத்தட்டு நிறுவனங்களின் நாடாக்களும் இருந்தன என்ற செய்தி 2019இல்தான் வெளியே வந்தது. எரிந்தது எவ்வளவு என்பதில் அதை வெளியிட்ட பத்திரிகை ஒரு கணக்குச் சொல்ல, நிறுவனம் வேறு கணக்குச் சொன்னது. தீ கூட வேண்டியதில்லை. இடம் அடைக்கிறது என்று தூக்கியெறிந்த நாடாக்களும் உண்டு. சாக்ஸபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேன் 1963 மார்ச் 6இல் வான் கெல்டர் கூடத்தில் வாசித்த ஒரு முழுத் தட்டின் மூல நாடா அப்படித்தான் இல்லாமல் போயிற்று. ஆனால் அன்று மாலை, வீட்டில் கேட்டுப் பார்ப்பதற்காக வான் கெல்டர் ஒரு சிறிய மோனோ நாடாவைக் கோல்ட்ரேன் கையில் கொடுத்தனுப்பியிருந்தார். அது அவருடைய முதல் மனைவி நைமாவின் குடும்பத்தாரிடம் இருந்தது. 2018இல் வெளியான தட்டு அந்த வீட்டு நாடாவிலிருந்து வந்தது. நிறுவனம் தொலைத்ததை அலமாரி காப்பாற்றியது. வாஷிங்டனில் காங்கிரஸ் நூலகத்தில் 2005இல் இதேபோல ஒன்று கிடைத்தது: பியானோ கலைஞர் தெலோனியஸ் மங்க்கும் கோல்ட்ரேனும் 1957 நவம்பரில் கார்னகி அரங்கில் சேர்ந்து வாசித்த கச்சேரி. பதிவு செய்தது வாப்பா கேட்ட அதே வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா.

மலிவான ஐரோப்பியப் பதிப்புகளைப் பற்றி இரண்டு வரி போதும். ஐரோப்பாவில் பதிவுகளுக்கு 50 ஆண்டுதான் பாதுகாப்பு இருந்தது. அதை 70 ஆக நீட்டியபோது, 1962 முடிய வெளியானவை அதற்குள் பொதுவுடைமை ஆகிவிட்டிருந்தன. அதனால் 1950களின் ஜாஸை அங்கே யார் வேண்டுமானாலும் அச்சிடுகிறார்கள். பலர் குறுந்தகட்டிலிருந்து வினைலுக்கு மாற்றுகிறார்கள். அதற்குக் குறுந்தகட்டையே கேட்டுவிடலாம்.

இணைய ஒலிச்சேவை: மாதச் சந்தாவுக்குக் கடல் போல் இசை. வாங்குவதற்கு முன் கேட்டுப் பார்க்க அதைவிட வசதி கிடையாது. ஆனால் உரிமம் முடிந்தால் ஒருநாள் காலையில் காணாமல் போகும். ஜெர்மனியின் இசிஎம் இசைத்தட்டு நிறுவனம் 2017 நவம்பர் வரை தன் பதிவுகளைப் பெரும்பாலும் அங்கே விடாமலேயே வைத்திருந்தது. இன்று கொடுப்பவர் நாளை எடுத்துக்கொள்ளவும் முடியும் அல்லவா?

இசிஎம் என்றதும் சார்லி மரியானோ நினைவுக்கு வருகிறார். பாஸ்டன் நகரத்துச் சாக்ஸபோன்காரர். 1960களில் மலேசிய வானொலி இசைக்குழுவுக்குப் பயிற்சி கொடுக்கப் போன இடத்தில் நாதசுரத்தைக் கேட்டுச் சொக்கிப்போய், அதையும் கற்றுக்கொண்டவர். பெங்களூருப் பாடகி ராமமணி, தாளக் கலைஞர் டி.ஏ.எஸ். மணி குழுவினரோடு அவர் செய்த ‘ஜோதி’ 1983இல் இசிஎம் வெளியீடாக வந்தது. அது எளிதில் கிடைக்கும். நாதசுரம் வாசித்த 1970களின் தட்டுகள்தான் சிக்கல். ஜெர்மனியின் எம்பிரியோ குழுவோடு 1973இல் ஒன்று. அமெரிக்காவில், பின்லாந்தில், வேறு வேறு நிறுவனங்களுக்கு வேறு சில. உரிமை நாலு நாட்டில் சிதறிக் கிடக்கும்போது, அவற்றை ஒரே பெட்டிக்குள் சேர்த்துத் தர எந்த மொசைக்கும் வரப்போவதில்லை. விலையும் மோப்லி அளவுக்கு ஏறவில்லை. இதில் நான் காத்திருக்க மாட்டேன். பழைய தட்டையே வாங்குவேன். உத்தரகோசமங்கைத் திருவிழாவில் நாதசுரம் கேட்டுப் பழகிய காதுக்கு அவருடைய வாசிப்பு முதலில் கொஞ்சம் சிரிப்பாகத்தான் இருக்கும். மூன்றாவது தடவை சிரிப்பு வராது.

இப்போது தகரப்பெட்டி.

இருபத்திரண்டில் இன்று பத்தொன்பது இருக்கின்றன. ஒன்றை ராத்தா சின்ன வயதில் உட்கார்ந்து உடைத்தாள். ஒன்று, ஒலிப்பதிவு செய்து தருகிறேன் என்ற ஒரு தெரிந்தவருக்கு அனுப்பித் திரும்பி வந்தபோது, செய்தித்தாளில் சுற்றிய நான்கு துண்டுகளாக வந்தது. மூன்றாவதைக் கொன்றவன் நான். இருபது வயது. பூசணத்தைத் துடைப்பதற்கு மருந்துக்கடையில் ஸ்பிரிட் வாங்கிவந்து, பஞ்சில் நனைத்து வட்டமாகத் தேய்த்தேன். பஞ்சு கருப்பாயிற்று. எத்தனை வருடத்து அழுக்கு என்று வியந்து புதுப் பஞ்சு எடுத்து இன்னும் அழுத்தித் தேய்த்தேன். அதுவும் கருப்பாயிற்று. நாலாவது பஞ்சில்தான் தட்டின் பளபளப்பு போய்ச் சிலேட்டு மாதிரி ஆகியிருப்பதைக் கவனித்தேன். 78 சுழற்சித் தட்டு வினைல் அல்ல, அரக்கு. சோட்டா நாக்பூர்க் காட்டு மரங்களில் பூச்சி கக்கும் அரக்கு, அதோடு கல்மாவு, கரி. அரக்கு ஸ்பிரிட்டில் கரையும் என்று எந்தத் தச்சரும் சொல்லியிருப்பார், நான் கேட்கவில்லை. அழுக்கென்று நினைத்துத் துடைத்து எடுத்ததெல்லாம் பாட்டு.

மிச்சமிருப்பதில் ஆறு, கல்கத்தாவில் பதிவான கொலம்பியா தட்டுகள். லேபிளில் டெடி வெதர்ஃபோர்ட் பெயர். 1903இல் அமெரிக்காவில் பிறந்த கருப்பினப் பியானோ கலைஞர். சிகாகோவில் பேர் எடுத்தவர். 1926இல் கிழக்கே கப்பலேறியவர் திரும்பி வாழப் போகவில்லை. ஷாங்காய், பம்பாய் என்று சுற்றிவிட்டு யுத்த காலத்தில் கல்கத்தா கிராண்ட் ஹோட்டலில் இசைக்குழு நடத்தினார். 1945இல் அதே நகரத்தில் காலராவில் இறந்தார். வாப்பாவின் வாப்பா அந்த ஹோட்டல் வாசலில் நின்று கேட்டிருப்பாரோ என்று எனக்கு ஓர் ஆசை. சங்கு மண்டி வியாபாரியை உள்ளே விட்டிருக்க மாட்டார்கள்.

இந்தத் தட்டுகளுக்கு நாடா என்பதே கிடையாது. மெழுகில் வெட்டி, உலோக அச்செடுத்து, அரக்கில் அழுத்தியவை. வெளிநாட்டில் பழைய இந்திய ஜாஸை மறுபதிப்பாகக் கொண்டுவந்த ஓரிரு தொகுப்புகளும் யாரோ வைத்திருந்த தட்டிலிருந்து படியெடுத்தவை. டோன் போயட் இதைத் தொடப்போவதில்லை. ஐம்பதாயிரத்தில் முதல் பங்கு இதற்கு என்று நான் சொன்னபோது மருமகன் கொஞ்ச நேரம் பேசவில்லை.

செலவு பெரிதல்ல. என் டர்ன்டேபிள் 78இல் சுற்றும். வேண்டியது அகலமான ஊசி. எல்.பி. எனும் வினைல் நெடுந்தட்டுக்கான ஊசியின் முனை அரக்குத் தட்டின் வரிக்கு மிகச் சிறியது. அடியில் போய் உட்கார்ந்து குப்பையை மட்டும் கிளறும். 78க்கு மூன்று மில், அதாவது 0.076 மில்லிமீட்டர் அளவுள்ள முனை வேண்டும். அதோடு கணினியில் இணைக்கும் ஒரு போனோ பெருக்கி, கெட்டித் தாள் உறைகள், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல். எல்லாம் பதினைந்தாயிரத்துக்குள். தட்டைக் கழுவ, காய்ச்சி வடித்த நீரில் இரண்டு சொட்டுத் திரவச் சோப்பு. லேபிளில் ஈரம் படாமல் வரியோடு வரியாகத் துடைத்து, மல்லுத் துணியில் ஒற்றி எடுத்தால் போதும். பதிவு மோனோதான் என்றாலும் இரண்டு தடமாகவே எடுக்க வேண்டும். வரியின் ஒரு சுவர் தேய்ந்து இன்னொரு சுவர் நன்றாக இருக்கும், நல்லதை வைத்துக்கொள்ளலாம். எடுத்ததை 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் கோப்பாகச் சேமித்து, அதன் மேல் கை வைக்காமல் நகலில்தான் இரைச்சலைக் குறைக்க வேண்டும். இந்தியச் சட்டப்படி ஒலிப்பதிவின் உரிமை வெளியான ஆண்டுக்குப் பிறகு 60 ஆண்டு. 1940களின் தட்டுகளுக்கு அது எப்போதோ முடிந்துவிட்டது. மெட்டமைத்தவரின் உரிமை தனி. அவர் இறந்து 60 ஆண்டு ஆகியிருக்க வேண்டும்.

மீதியை இப்படிப் பிரித்துக் கொடுத்தேன். பத்தாயிரத்தில் மரியானோவின் நாதசுரத் தட்டு, ஒன்றோ இரண்டோ. எட்டோ ஒன்பதோ ஆயிரத்தில், இப்போது கடையில் இருக்கிற டோன் போயட் இரண்டு. தீர்ந்த பிறகு புலம்பக் கூடாது. மிச்சம் பதினாறாயிரத்தைத் தொடாமல் வைத்திருக்க வேண்டும். காத்திருக்கும் தட்டின் மறுபதிப்பு அறிவிக்கப்பட்ட வாரத்திலேயே வாங்க அது. கையில் காசில்லாமல் காத்திருப்பது வெறும் ஏக்கம்.

வழக்கம்போல அவன் பாதிதான் கேட்டான். பெருக்கிக்கும் ஊசிக்கும் பணம் அனுப்பிவிட்டான். மோப்லியின் ஜப்பானியப் பிரதி ஒன்றை, காகிதப் பட்டையோடு, அன்று இரவே வாங்கியும்விட்டான். பதினாறாயிரத்தில் பாதி போயிற்று. வெதர்ஃபோர்ட் தட்டில் ஒரு பக்கமாவது உடனே பதிவு செய்து அனுப்புங்கள் மாமா என்று தினமும் கேட்கிறான். வெளியே வாடை அடிக்கிறது. சுவர் வியர்க்கிறது, தட்டைக் கழுவினால் இரண்டு நாளானாலும் காயாது. தை பிறந்து காற்று காயட்டும், அதுவரை பெட்டியைத் திறக்க மாட்டேன் என்று சொல்லியிருக்கிறேன்.